என் நெஞ்சும் செல்வியின் கைரேகையும்

அன்புக்கொடி மக்களே, பிள்ளையின் உள்ளங்கால் சில்லிட்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போன ஆடி மாதம் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்ததுதான். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பாதம். சில்லென்றிருக்கும். பதறிப்போவேன். பிறகுதான் புரியும், சில்லிட்டிருப்பது பயத்தில் வியர்த்த என் கை.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் மனைவி செல்விக்கு நாற்பத்தொன்று. கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த முதல் பிள்ளை, பெண். இவ்வளவு காலம் காக்க வைத்தவள் கடைசியில் அவசரப்பட்டு நாளுக்கு முன்பே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நிற்பவர், "பேத்திக்கு எப்பிடி இரிக்கு?" என்று அன்போடு விசாரிப்பார். "தேறி வருது" என்பேன். உறவைத் திருத்திச் சொல்லத் தெம்பில்லை.

எடை குறைந்த பிள்ளை. தாயின் நெஞ்சோடு தோலில் தோல் படும்படி அணைத்து வைக்க வேண்டும். கங்காரு முறை என்றார்கள். அந்தச் சூடும் தாய்ப்பாலும்தான் மருந்து. "அப்பாவும் நெஞ்சில போட்டுக்கலாம் சார்" என்று நர்ஸ் சொன்னபோது நான் மருந்துச் சீட்டை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மிருகக்காட்சி சாலையாக இருந்தால் முன்னால் கம்பி போட்டிருப்பார்கள்.

வடசேரிச் சந்தையில் ஒரு வாழைக்குலைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் பாதி நாள் போகவில்லை. செல்விக்கு அண்டி ஆபீசில் வேலை. ஆபீஸ் என்றதும் நாற்காலி மேசையை நினைக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து முந்திரிப்பருப்பின் தோலை உரிக்கிற இடம். அது சின்ன ஆபீஸ். அங்கே பேறுகால விடுப்பு என்றால் வேலை போயிற்று என்று பொருள்.

பெற்றவள் உடனே கூலிக்கு ஓடாமல் பிள்ளையோடு இருக்கட்டும் என்றுதான் அரசாங்கம் மகப்பேறு நிதியுதவி தருகிறது. செல்வி வயிற்றில் பிள்ளை தங்கியதுமே பதிவு செய்திருந்தாள். சுகாதார நர்ஸம்மா கம்ப்யூட்டரைப் பார்த்து, முதல் தவணை அனுப்பியாயிற்று என்றார். நாங்கள் கொடுத்திருந்த வங்கிக் கணக்கில் அது வரவில்லை. நான் பேங்குக்குப் போய்க் கேட்டேன்.

"இது உங்க வீட்டம்மா பேருல உள்ளது சார். எந்தக் கணக்குக்குப் போயிருக்குன்னு பாக்க அவங்க கைரேகை வேணும். ஆளு நேர்ல வரணும்."

"பச்சப்பிள்ளய விட்டுட்டு அவ எப்பிடி வருவா?"

"உங்க விரல வச்சா மெஷின் ஒத்துக்காதே சார்."

பிள்ளையை வெளியே கொண்டுபோகக் கூடாது. வீட்டில் வேறு ஆளில்லை. எங்கள் இருவர் பக்கமும் பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே திரும்பத் திரும்ப நானே போனேன், குடும்பத் தலைவன் என்ற தோரணையோடு. மெஷினுக்குத் தோரணை புரியவில்லை.

அடுத்து நர்ஸம்மா வீட்டுக்கு வந்து எடை பார்த்த அன்று பிள்ளை எடை ஏறவில்லை. இறங்கியிருந்தது. செல்விக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. உறக்கம் கிடையாது. ஒரே விசாரம். அந்தச் சனிக்கிழமை அவள் சொன்னாள்: "திங்கக்கெழம நான் ஆபீசுக்குப் போறேன்."

"ஏட்டி, பிள்ள?"

"பிள்ளக்கிப் பால் வேணும்னா நான் திங்கணும்லா? திங்கதுக்கு அரிசி வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

நிறைய வாசிக்கிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். அன்று எதுவும் உதவவில்லை.

ஞாயிறு நண்பகல், உச்சிப்படிப்பு வழிபாட்டுக்கு அய்யாவின் நிழல் தாங்கலுக்குப் போனேன். நம் அய்யாவிடம் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம். காணிக்கை வாங்கமாட்டார். தேங்காய், உண்டியல், மொட்டை எதுவும் எடுபடாது. பேரம் பேசியே பழகிய சந்தைக்காரன் என்ன செய்வான்? வெறுங்கையை நீட்டித்தான் கேட்க வேண்டும்.

சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, சிலைக்குப் பதிலாக அங்குள்ள கண்ணாடிக்கு முன் எல்லா ஆண்களையும்போல நின்றேன். எப்போதும் அங்கே கண்ணை மூடிக்கொள்வேன். பக்தி என்று நினைத்திருப்பீர்கள். என் தொந்தியைப் பார்க்க எனக்கே மனமில்லை, அவ்வளவுதான். அன்று கண்ணை மூடினால் பிள்ளையின் கால் தெரிந்தது. பயந்து திறந்துவிட்டேன்.

"அய்யா, அவள் ஒருத்தியால் முடியவில்லை. என் பிள்ளையைச் சூடாக வைத்திருக்க வழி காட்டும்."

கேட்ட வாய் கண்ணாடியில் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு நெஞ்சு. அகலமாக, மயிரடர்ந்து, இத்தனை நாளும் யாருக்கும் பயன்படாமல்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, பணிவிடை செய்பவர் பின்னால் வந்து காதோரம் கேட்டார்: "என்னவே அப்பிடிப் பாக்கீரு? முடிவெட்டவா வந்தீரு?"

சட்டையைப் போடக்கூடத் தோன்றவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். குளித்துத் துவட்டிக்கொண்டு, "ஏட்டி, பிள்ளய இங்க தா" என்றேன்.

"இந்தக் காட்டுக்குள்ளயா? குத்தாதா அவளுக்கு?"

"பழகிக்கிடுவா. அப்பன மாத்த முடியாதுல்லா."

பல நாளுக்குப் பிறகு செல்வி சிரித்தாள். பழைய சேலையால் பிள்ளையை என்னோடு சேர்த்துக் கட்டினாள். பிள்ளை பூனைக்குட்டிபோல நெளிந்து, மூக்கை உரசி, தூங்கிப்போனது. திரும்பிப் பார்த்தால், செல்வியும் வெறுந்தரையில் தூங்கிவிட்டாள். பக்கத்து வீட்டு ராஜம் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, பாலும் குடுப்பேளோ?" என்றாள். குடுக்கலாம்தான், சரக்கு இல்லை என்றேன்.

திங்கள் காலை செல்வி சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"ஆபீசுக்கா?"

"பேங்குக்கு. ஆளு வரணும்னுதான சொன்னான்? ஆளு போறா. பிள்ளயப் பாத்துக்கிடுங்க."

பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வைத்து, புகட்டுவதற்குப் பாலாடையையும் எடுத்துத் தந்துவிட்டுப் போனாள். மத்தியானம் ஆயிற்று. வரவில்லை. அவள் செல்போன் அணைந்து கிடந்தது. பால் தீர்ந்தது. பிள்ளை அழ ஆரம்பித்தது. அழுகைகூட இல்லை, ஒரு முனகல். வியர்த்துவிட்டது எனக்கு. வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தபடி "அய்யா உண்டு, அய்யா உண்டு" என்று முணுமுணுத்தேன். அந்தத் தாளத்துக்கோ என்னவோ, முனகல் மெல்ல அடங்கியது. காலைத் தொட்டேன். சூடாக இருந்தது. என் கையும்தான்.

வெயில் சாயும்போது செல்வி ஓடிவந்தாள்.

"எங்க போன நீ? உயிரே போயிட்டு எனக்கு!"

"இராஜாக்கமங்கலத்துக்கு!"

விரலை வைத்ததும் மெஷின் சொல்லியிருக்கிறது, பணம் அந்த ஊர் பேங்குக் கணக்கில் கிடக்கிறது என்று. அது செல்வி பிறந்த ஊர். அவள் அம்மா படுக்கையில் கிடந்தபோது அங்கேயே போய் இருந்து நூறு நாள் வேலைக்குப் போனாள். அதற்காக அங்கே தொடங்கிய கணக்கு. அம்மா இறந்த துக்கத்தில் அவளே அதை மறந்துவிட்டாள். ஆதார் அதில்தான் சேர்ந்திருந்தது. அங்கிருந்தே பஸ் ஏறிப் போய், பணத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பிள்ள வயித்துல கெடக்கும்பமே வந்து கெடந்திருக்கு, கேட்டேளா!" என்று சொல்லி அழுதாள். அழுதபடியே பிள்ளையை வாங்கிப் பாலுக்குப் போட்டாள்.

நான் கேட்பதற்கு எத்தனையோ நாளுக்கு முன்பே அய்யா தந்துவிட்டார். போய் எடுக்க வேண்டியவளின் கைதான் ஒழியவில்லை. பிள்ளையை வாங்கி அதை ஒழித்துத் தர வேண்டிய நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

செல்வி அண்டி ஆபீசுக்குப் போகவில்லை. அடுத்த தடவை எடை ஏறியிருந்தது. கடைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் பிள்ளை என் நெஞ்சில்தான் கிடந்தாள். இப்போது தவழ்கிறாள். நெஞ்சுமயிரைப் பிடித்துத் தொங்கி எழுந்து நிற்கப் பார்க்கிறாள். வலிக்கிறது. அய்யாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே கத்துகிறேன்.

உங்களுக்கும் நெருக்கடி வரும், மக்களே. வந்தால் தாங்கலுக்கு வாருங்கள். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். கண்ணாடிக்கு முன் நின்று மனம்விட்டுக் கேளுங்கள். கேட்கும்போது கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள்.