பத்து இருபதுக்கு நாங்கள் முறிகண்டியில் நின்றோம்

ஜேர்மனியில் வேகத் தண்டம் தபாலில் வரும். காரோட்டும் என் முகத்தைப் படம்பிடித்து, ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று இரண்டு கட்டங்களும் போட்டு அனுப்புகிறார்கள். இன்று காலையும் ஒன்று வந்திருக்கிறது. பொலிஸைக் கண்டாலே ஒதுங்கி வளர்ந்த எனக்கு, மறுக்கலாம் என்று அரசாங்கமே எழுதிக் கேட்பது இருபது வருடமாகியும் புதினம்தான். முன்பு ஒருமுறை மறுத்து வென்றும் இருக்கிறேன். அந்தப் பெருமையோடுதான் போன வருடம் கிளிநொச்சிக்குப் போனேன்.

அம்மாவின் அந்தியேட்டி. லீவு இல்லையென்று செத்தவீட்டுக்குப் போகாதவன், முப்பத்தோராம் நாளுக்காவது போய்ச் சேர்ந்தேன். வவுனியாவில் ரயிலால் இறங்கிய என்னை அக்காவின் கணவர், என் அத்தான், தன் வானில் ஏற்றினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் அது. ஓடும்போது மனுசன் ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டமாட்டார். ஓமந்தை வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. முறிகண்டியில் எல்லா வாகனங்களையும்போல நாங்களும் நிறுத்தினோம். பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த இடத்தைக் கடக்கிற சாரதி அந்த வீதியில் இல்லை. அத்தான் தேங்காயை ஓங்க, பின்னால் வானும் தெரிய, ஒரு படம் எடுத்தேன்.

கொஞ்சத் தூரத்தில் பொலிஸ் மறித்தது. தொண்ணூறில் வந்தோமாம்.

"ஐயோ சேர், நான் அப்பிடி ஓடுறேல்லை."

"மெஷின் பொய் சொல்லாது," என்று லைசென்ஸை வாங்கிக்கொண்டு தண்டத் துண்டை நீட்டினார் பொலிஸ்காரர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், மெஷின் எங்களைப் பிடித்ததாகத் துண்டிலிருந்த நேரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. போனைத் திறந்தால், தேங்காய்ப் படமும் பத்து இருபது! வானின் இலக்கத்தகடும் தெளிவாக இருந்தது.

"அத்தான், கட்டாதேங்கோ! கோட்டுக்குப் போவம். சாட்சி என்ர கையில கிடக்கு."

என்ன வாய் எனக்கு! அத்தான் படத்தைக் கன நேரம் பார்த்தார். "முப்பது வருசமா ஓடுறன், ஒரு துண்டும் வாங்கேல்லை. நான் பறக்கிறனெண்டு கதை பரவினா, ஆர் பிள்ளையளை என்னோட விடுவினம்?" என்றார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு துணிவு வந்தது. "ஓம், வழக்குப் பேசுவம். ஆனா நான் சொன்னா எடுபடாது. படம் எடுத்தது நீ. நீ வந்து நிண்டு சொல்லுவியோ?"

துண்டின்படி வழக்குத் தவணை நான் திரும்பிப் பறந்து மூன்றாம் நாள். ரிக்கற்றை மாற்றியிருக்கலாம். லீவைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். நான் வாயே திறக்கவில்லை. அக்காதான் குசினிக்குள்ளிருந்து சொன்னார்: "அவன் ரெண்டு கிழமைக்கு வந்தவன். அவனை ஏன் கோட்டுக்கு இழுக்கிறியள்?"

பிறந்த வீட்டில் நான் விருந்தாளியாகிவிட்டேன் என்று கவலையாக இருந்தது. தப்பித்தேன் என்றும் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

"சரி விடு, கட்டுவம்," என்று அத்தான் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மறுநாள் தண்டம் கட்டத் தபால் கந்தோர் வரிசையில் அவர் நிற்க, நான் வாசலில் நின்றேன்.

போன கிழமை அக்கா கதைத்தபோது, நாலு வீட்டுக்காரர் பிள்ளைகளை வேறு வானுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். அத்தான் என்னோடு கதைக்க வரவில்லை. வாசலில் வான் கழுவுகிறாராம்.

இன்றைய கடிதத்தில் 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். பக்கத்தில் போனில் அந்தப் பழைய படம். கடிதத்தில் என் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. முறிகண்டிப் படத்தில் நான் இல்லை. அத்தானின் காலடி மணலில், படம் எடுத்தவனின் நிழல் மட்டும் விழுந்து கிடக்கிறது.