கீழ்நோக்கிய அம்புக்குறி

கம்ப்யூட்டர் மேசையைத் துடைப்பது மட்டும் இன்னாசிராஜின் வேலை. வீட்டின் மற்ற இடங்களையெல்லாம் கேத்தரின் பெருக்கித் துடைப்பாள். அந்த மேசைப் பக்கம் அவள் துணி வரக்கூடாது. காலைப் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும், பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் திரை, அப்புறம் கீபோர்டு, அப்புறம் திரையின் தலையில் உட்கார்ந்திருக்கும் வெப் கேமரா. கடைசியாக ஒவ்வொரு ஒயரையும் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பார். இழுத்து வராத ஒயரைக்கூட ஒரு நிமிஷம் முறைத்துவிட்டுத்தான் விடுவார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் பார்த்தது இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மற்றவர்கள் மாட்டி முடித்ததை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சின்னச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். சரியில்லை என்றால் சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார். ரிட்டயர் ஆன அன்று சுத்தியலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சந்தேகத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அது வீட்டுக்கு வந்தது. தண்ணீர் கேனின் மூடியைத் திருகிப் பார்த்து, "இது ஏற்கெனவே தொறந்த சீல் மாதிரி இருக்கே" என்பார். மணப்பாறை முறுக்கு வாங்கி வந்தால், அது மணப்பாறையில்தான் சுட்டதா என்று கேட்பார். கேத்தரினிடம் அவர் பேசுவதில் பாதி கேள்வியாகத்தான் இருக்கும். பால் ஏன் தண்ணியா இருக்கு? மாடிக்கதவு ஏன் ஒருக்களிச்சிருக்கு? போன்ல யாரு, ஏன் மெதுவாப் பேசின? கேத்தரின் பதிலைச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். சாயந்தரம் மகள் ஜாஸ்லின் பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து வந்ததும் அங்கே பேச்சும் சிரிப்பும் கேட்கும். இவர் எழுந்து போனால் நின்றுவிடும். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. அநேகமாக அது சரிதான்.

ஜாஸ்லினுக்கு ஹைதராபாத்தில் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. எம்.காம். படித்துவிட்டு பள்ளிக்கூட ஆபீஸில் ஃபீஸ் ரசீது போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விஷயம். முதலில் கேமரா முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் டெஸ்ட் எழுதவேண்டும், போனில் முடியாது. உட்கார்ந்தாள். டெஸ்ட் ஆரம்பிக்கும் முன்பே கேமரா செத்துவிட்டது. அழுது மெயில் எழுதியதில், அடுத்த திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்னாசிராஜ் களத்தில் இறங்கினார். கம்ப்யூட்டரை வாங்கியது ஸ்ரீரங்கத்தில் ரெங்கராஜின் கடையில். அவனுக்குப் போன் போட்டார்.

"பழசைப் புதுசுன்னு குடுத்துட்டியாப்பா?"

"சார், வாங்கி மூணு வருஷமாச்சு. இப்ப வந்து கேக்குறீங்களே" என்றான் ரெங்கராஜ். "டிவைஸ் மேனேஜரத் தொறங்க. கேமரா பேருக்குப் பக்கத்துல மஞ்சள் முக்கோணம் இருக்கா?"

இருந்தது.

"அப்ப டிரைவர் கோளாறு. கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல பேசிவைக்கிற சாஃப்ட்வேர்தான் சார் டிரைவர். விண்டோஸ் அப்டேட் ஆனப்ப அத மாத்தியிருக்கும். பழைய டிரைவருக்கே திரும்பிப் போயிடுங்க."

மூன்று நாள் மல்லுக்கட்டினார். வேலை செய்யும்போது ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வது ஒர்க்‌ஷாப் பழக்கம். செய்கிறவனுக்கும் தெரியவேண்டும், பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியவேண்டும். "டிவைஸ் மேனேஜர் தொறந்தாச்சு. கேமரா மேல ரைட் க்ளிக். டிசேபிள். அணைஞ்சிருச்சு. திரும்ப ரைட் க்ளிக். எனேபிள். ம்ஹூம். டிரைவரக் கழட்டு. பழசப் போடு." பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. பின்னால் தரையில் உட்கார்ந்து கேத்தரின் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மஞ்சள் முக்கோணம் மறைந்தது. திரையில் அவர் முகமே தெரிந்தபோது அதையும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஜாஸ்லின் கைதட்டினாள். கேத்தரின், "நல்லாயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கேமரா திரும்பவும் இருட்டாக இருந்தது. ஆனால் மஞ்சள் முக்கோணம் இல்லை. அதற்குப் பதிலாக, கீழே பார்த்த ஒரு சின்ன அம்புக்குறி.

"அது கோளாறு இல்ல சார்" என்றான் ரெங்கராஜ். "யாரோ டிசேபிள் பண்ணியிருக்காங்க. மிஷின் தானாப் பண்ணாது. வீட்டுல யாரு தொட்டாங்கன்னு பாருங்க."

ரெங்கராஜ் சாதாரணமாகச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான். இன்னாசிராஜுக்கு ரிட்டயர் ஆனதிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. எனேபிள் பண்ணினார். மறுநாள் மறுபடியும் அம்புக்குறி.

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். அன்று சாயந்தரம் ஜாஸ்லின் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஒனக்கு ஹைதராபாத் போக இஷ்டம் இல்லைன்னா நேரடியாச் சொல்லிரு. கேமராவ ஏன் அணைக்கிற?"

"நானா?"

"இங்க யாரையாவது மனசுல வெச்சிருக்கியா? அதையும் சொல்லிரு."

ஜாஸ்லின் ஒரு செருப்போடு நின்றாள். "அப்பா, அந்த ஆபீஸ்ல ரசீது புக்குக்கு நம்பர் போட்டே எனக்கு வயசாயிரும்போல. இதுல எவ்வளவு ஆசையா இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? இந்த மிஷினே வேணாம். ஆபீஸ்ல என்கூட இருக்குற ஆஃப்ரின்கிட்ட லேப்டாப் இருக்கு, கேட்டு வாங்கிட்டு வரேன்."

"அடுத்தவங்க மிஷின்ல என்னென்ன இருக்கோ. பாஸ்வேர்டு போயிரும்."

"அப்ப பிரவுசிங் சென்டர்."

"அங்க மொதல்ல போயிரும்."

ஜாஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அன்று அங்கிருந்து சிரிப்பு எதுவும் வரவில்லை.

அழுகையைத் தட்டிப் பார்க்கச் சுத்தியல் கிடையாது. ஆனாலும் அவர் காதுக்கு அது விரிசல் இல்லாத சத்தமாகத்தான் கேட்டது. அப்படியென்றால் யார்? எங்கோ உட்கார்ந்து எவனோ கம்ப்யூட்டருக்குள் நுழைகிறானோ என்று நினைத்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவைத்தார். அப்போதும் அம்புக்குறி வந்தது.

ஒர்க்‌ஷாப்பில் நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் அடித்தகட்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் இழுப்பார்கள். நட்டு அசைந்தால் கோடு உடைந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை காலை மேசையைத் துடைத்துவிட்டு, கேமராவை எனேபிள் பண்ணிப் பார்த்துவிட்டு, மௌஸின் முதுகிலிருந்து கறுப்பு விரிப்பு வரை சாக்பீஸால் நூல் மாதிரி ஒரு கோடு இழுத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "சந்தைக்குப் போயிட்டு வரேன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவருக்கு முன்பே ஜாஸ்லின் பாடகர் குழுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

சந்தையில் கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்க்காமல் வாங்கினார். திரும்பியபோது ஜாஸ்லின் இன்னும் வந்திருக்கவில்லை. மௌஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதன் முதுகிலிருந்த கோடும் விரிப்பிலிருந்த கோடும் ஒரு விரல்கடை விலகியிருந்தன. திரையைத் திறந்தார். அம்புக்குறி.

"கேத்தரின்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். அவர் மௌஸைக் காட்டினார். அவள் கோட்டைப் பார்த்தாள், பார்த்ததும் புரிந்துகொண்டாள். இத்தனை வருஷம் அவரோடு இருந்தவளுக்குச் சாக்பீஸ் கோட்டுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இது நீ பண்ணதா?"

"ஆமா."

மறுப்பாள் என்று நினைத்து அடுத்த நாலு கேள்விகளை அடுக்கிவைத்திருந்தார். அவை எதற்கும் ஆகாமல் போயின.

"ஒனக்கு இதத் தொறக்கவே தெரியாதே."

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. மூணு நாளு. ரைட் க்ளிக், டிசேபிள்னு. காது கேக்குமில்ல எனக்கு."

"அவ பொழப்புல வெளையாடுவியா? நாளைக்கு டெஸ்ட்டு. அவள நிக்கவெச்சுக் கேட்டேன், அழுதா. நீ உள்ளதான இருந்த?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." கேத்தரின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் விட்டுரலாம்னுதான் இருந்தேன். இன்னைக்கு அவ பாடிக்கிட்டே படியிறங்கிப் போனாளா... கை தானா வந்துருச்சு."

அவள் குனிந்து, அவர் கையை ஒதுக்கிவிட்டு மௌஸைப் பிடித்தாள். புதிதாகச் சைக்கிள் ஓட்டுகிறவள் ஹாண்டில்பாரைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். ஆனால் வழி தவறவில்லை. கேமராவின் பெயர். ரைட் க்ளிக். எனேபிள். அம்புக்குறி போயிற்று.

"எழுதட்டும். நல்லா எழுதிப் போகட்டும்" என்றாள். "அவகிட்ட நீங்க சொல்லவேணாம், நானே சொல்லிக்கிறேன்."

இன்னாசிராஜ் கேமராவைச் சோதிக்கும் சாளரத்தைத் திறந்தார். திரையில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவர் முன்னால், அவள் தோளுக்குப் பின்னால். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சட்டத்துக்குள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் அவர் முதுகைப் பார்க்காமல் திரையிலிருந்த முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவ போனதுக்கப்புறம் இந்த வீட்டுல நீங்களும் நானும்தான். அப்ப என்கிட்ட என்னங்க பேசுவீங்க? பாலு ஏன் தண்ணியா இருக்குன்னா?"

அவர் மௌஸை நகர்த்தி, விரிப்பிலிருந்த கோட்டோடு அதன் முதுகிலிருந்த கோட்டைச் சேர்க்கப் பார்த்தார். கோடு கலைந்துபோயிருந்தது, சேரவில்லை. கேத்தரின் தரையில் கிடந்த சந்தைப் பையை எடுத்து, உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போனாள். திரையில் அவர் மட்டும் இருந்தார்.