அரசருக்கு ஒதுக்கிய நாற்காலி

இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியதில்லை. இட்டுக்கட்டுவதென்றால் என் கணவரை இன்னும் கொஞ்சம் நல்ல மனிதராகக் காட்டியிருப்பேன்.

ஜனவரி இருபத்தொன்று, பிரெஞ்சுப் புரட்சியில் அரசர் லூயியின் தலையை வெட்டிய நாள். அன்று என் புகுந்த வீட்டில் கறுப்பு உடுத்திக்கொண்டு எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடவேண்டும். மேசையின் தலைப்பக்க நாற்காலி காலியாக இருக்கும். அது அரசருக்கு. எந்த அரசருக்கு என்பதில்தான் அண்ணன் தம்பிக்குள் வெட்டுப்பழி குத்துப்பழி. என் கணவர் கோன்ட்ரான் அரச வம்சத்தின் மூத்த கிளையான பூர்போனின் ஆள். கொழுந்தன் திபோ இளைய கிளையான ஓர்லேயானின் ஆள். நாட்டில் அரியணையே இல்லை என்பது இருவருக்கும் ஒரு பொருட்டில்லை.

எனக்கு ஏழாம் மாதம். பிள்ளைக்கு ஞானத்தந்தை, அதாவது ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திப் பெயர் சொல்பவன், திபோ. அதனால் அந்த வருடம் சண்டை என் வயிற்றின்மேல் வந்து நின்றது.

"லூயின்னுதான் பேரு," என்றார் கணவர்.

"பிலிப். ஞானத்தகப்பன் நான்," என்றான் திபோ.

"அரசர் தலைய வெட்டச் சொல்லி ஓட்டுப் போட்ட உங்க ஓர்லேயான்காரன் பேருடா அது."

"பூர்போன் வாரிசுன்னு ஒரு ஸ்பெயின்காரனக் கூட்டியாந்து இங்க உக்கார வைக்கப் பாக்குற நீ பேசாத அண்ணே."

"இது என் வயிறு. ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றேன்.

யார் கேட்டார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூப் ஆறிப்போயிருந்தது. மணி ஏழு இருபது. அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்...

தலைப்பக்கத்திலிருந்து. திரும்பினேன். நாற்காலி காலிதான். ஆனால் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது... சின்னதாக. தரைக்கு எட்டாத கால்களை ஆட்டி, குதிகாலால் கட்டையில் இடிக்கிற குழந்தையின் சத்தம் அது. அங்கே வைத்திருந்த ரொட்டியில் ஒரு கடி. சின்னப் பற்கள்.

"கேக்குதா?"

"எலி," என்றார் கணவர். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. திபோ தன் நாற்காலியைத் தலைப்பக்கத்திலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அப்படியும் நிறுத்தவில்லை. இன்னும் கத்தினார்கள்.

லூயி. பிலிப். லூயி. பிலிப்.

டொக். டொக். டொக்.

வேகமாக...

மெழுகுவர்த்திகள் அணைந்தன.

பிறகு என் வயிற்றுக்குள்...

டொக்.

"நிறுத்துங்கடா!"

கணவரை அதற்குமுன் 'டா' போட்டதில்லை. இருவரும் அடங்கினார்கள். அந்தச் சத்தமும் அடங்கியது.

பெயரை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அப்போதே கிளம்பி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் திபோ தனியாக வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பேர நீங்களே வைங்க அண்ணி. எங்களுக்கு அதுல உரிமை இல்ல," என்றான்.

அண்ணன் தம்பிகள் மூன்று பேராம். கடைசித் தம்பி எர்வே. ஐந்து வயது. ஆறு வருடம் அந்த வீட்டில் வாழ்ந்தேன், ஒருவரும் அந்தப் பெயரை என்னிடம் சொன்னதில்லை. சிறு வயதில், ஒரு ஜனவரி இருபத்தொன்றில் மூவரும் ராஜா விளையாட்டு விளையாடினார்கள். எர்வே சிறைப்பட்ட குட்டி அரசன், தலை வெட்டப்பட்டவரின் மகன். பழைய ஓக் மரப்பெட்டிதான் சிறை. உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவனுக்கு அடுத்த அரசன் யார் என்று பெரியவர்கள் இருவரும் வெளியே சண்டை போட்டார்கள். வெகுநேரம் போட்டார்கள்.

பெட்டியைத் திறந்தபோது எர்வேக்கு மூச்சில்லை; உதைத்து உதைத்து இரண்டு குதிகாலும் கிழிந்திருந்தனவாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் திபோவை அறைந்திருப்பேன். "புள்ள கத்தலையா?" என்று மட்டும் கேட்டேன்.

"கத்துனான் அண்ணி," என்றான். "நாங்க அதவிடச் சத்தமாக் கத்திட்டிருந்தோம்."