உடைந்த மூடிக்கு ஒரு வாடிக்கையாளர்

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி விற்கும் கடை ஒன்றுக்கு நானும் என் தோழியும் ஆர்டர் வாங்கும் மென்பொருள் செய்தோம். அதைச் சோதிக்க நான் தட்டிவைத்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் ‘அஅஅ’, ‘டெஸ்ட்’ என்ற மனிதர்கள். வாங்குவார்கள், குறையே சொல்லமாட்டார்கள். அப்படி ஒருவரை இந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

தோழிக்கு எரிச்சல் வந்துவிட்டது. கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டாள். பிறகு கற்பனை ஆட்களைத் தானாகவே உருவாக்கித் தள்ளும் புரோகிராம் எழுதினாள். அவளுடைய ஆட்கள் துபாயில் இருக்கும் கணவரின் நம்பரைக் கொடுத்தார்கள். ‘மசூதிக்குப் பின்னால்’ என்று விலாசம் சொன்னார்கள். ஸ்ரீமுஷ்ணத்து அம்மா ஒருவர், ஜாடி நன்றாக இருக்கிறது, மூடி மட்டும் உடைந்திருக்கிறது என்று எழுதினார். மூடியை மட்டும் மாற்றித் தரத் தெரியாமல் எங்கள் மென்பொருள் அப்படியே நின்றுவிட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

திரையில் அதைப் படித்த கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு மூடியை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். “ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட குடுத்து வுடுறேன்.”

“அய்யோ பாய், அப்படி ஒரு அம்மாவே இல்லீங்க,” என்றாள் தோழி.

அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. “இல்லாட்டி என்ன? வருவாங்க,” என்று கல்லாப் பக்கத்தில் வைத்தார்.