இடம் கேட்கும் புரோகிராம்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈப்போவை அடுத்த செமோர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தை எடை போடும் நிலையத்தில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை.

ஒரு காலை கணினியின் டிஸ்க் கெட்டுப்போனது. நகல் எடுத்து வைத்திருந்த எடைக் கணக்குக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் தற்காலிகமாக வைத்தும் எடை போடும் புரோகிராம் திறக்கவில்லை. வெளியே லாரிகள் நின்றன. "பழம் அழுகினப்புறம்தான் எடை போடுவீங்களா அக்கா?" என்றார் ஒரு டிரைவர்.

புரோகிராமை எழுதியவரே ஈப்போவிலிருந்து வந்தார். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. எதையும் எடுப்பதற்கு முன் "தொடலாமா அக்கா?" என்று கேட்பார்.

"என் தப்புதான். டிஸ்க் மாறவே மாறாதுன்னு கோப்பு இருக்கற இடத்த புரோகிராமுக்குள்ளயே எழுதிட்டேன்," என்றார்.

"இப்ப புது இடத்த எழுதிட்டா போதும்லா, அண்ணே. லாரி நிக்குது."

"நாளைக்கு வேற டிஸ்க் வருதாமே. அப்பவும் லாரி நிக்கணுமா?"

திறக்கும்போதே கோப்பு எங்கே என்று கேட்கும்படி அதை மாற்றினார்.

"நான் தப்பா தட்டிட்டா?"

"திரும்பக் கேக்கும். அதுக்குக் கோவம் வராது அக்கா."

லாரிகள் நகர்ந்தன. தன் தவற்றை அவ்வளவு சாதாரணமாகச் சொன்ன மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் புது டிஸ்க் வந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. இடத்தை நானே தட்டினேன்.