திருப்புளியும் ஏழாம் நம்பர் வண்டியும்

கிடங்கில் அவருக்குத் திருப்புளி என்றுதான் பேர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். கல்யாணப் போட்டோவிலும் இருக்கிறது என்று மனைவி சொல்வாள். உற்றுப் பார்த்தால் உண்மைதான்.

காகித உருளைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கு அவர் மெக்கானிக். பேட்டரி வண்டிகள் வந்த பிறகும், கேஸ் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் பழைய வண்டிகள் சில மிச்சமிருந்தன. அவற்றில் கிழடு ஏழாம் நம்பர். அதை ஓட்டியவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தது இவர். சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில்.

மூடிய கொட்டகைக்குள் ஓடும் ஸ்பார்க் பிளக் எஞ்சின்களின் புகையில் கார்பன் மோனாக்சைடு ஓர் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது அந்த விஷவாயு. முன்பெல்லாம் அதிகாரி நாள் சொல்லிவிட்டு வருவார். முந்தின நாளே திருப்புளி ஒரு திருகைத் திருகிக் கேஸைக் குறைத்து வைப்பார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி எஞ்சின் அடக்கமாக நிற்கும். அதிகாரி வாசலைத் தாண்டியதும் திருகு பழைய இடத்துக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் சாய்தளத்தில் உருளையோடு ஏறும்போது வண்டி மூச்சை விட்டுவிடும்.

பிறகு விதி இறுகியது. அதிகாரி இனி சொல்லாமல் வருவார்; தேறாத வண்டிக்குச் சிவப்பு ஸ்டிக்கர். ஏழாம் நம்பருக்கு அது ஒட்டினால் புது எஞ்சின் கிடையாது, நேரே காயலான் கடைதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வண்டி போனால் மச்சினனின் ஓட்டுநர் வேலையும் போகும். பேட்டரி வண்டிகளுக்கு ஆட்கள் ஏற்கெனவே கூடுதல்.

சீட்டுக்கு அடியில் புகைக்குழாயில் ஓர் இணைப்பு உண்டு. அதன் க்ளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலந்துவிடும். குழாய் முனையில் வைக்கும் மீட்டர் குறைவாகக் காட்டும். திருப்புளி தளர்த்தினார். சொல்லாமல் வருகிறவருக்கு எந்நேரமும் தயாராக இருக்க வேண்டுமே என்று அப்படியே விட்டும் வைத்தார். வண்டி தேறியது.

"மாமா, நம்ம கிழவன் பாஸு!"

"பின்ன? டியூஷன் எடுத்தது யாரு?"

மழைக்காலம் வந்தது. காகிதம் ஈரம் பிடிக்கும் என்று ஷட்டர்களை இறக்கினார்கள். மச்சினனுக்குத் தலைவலி தொடங்கியது.

"எந்நேரமும் போனை நோண்டினா தலை வலிக்காம குளுகுளுன்னா இருக்கும்?" என்றாள் அக்கா. கண்ணாடி போட்டார்கள். திருப்புளியே கூட்டிப்போய் ஃபிரேம் பொறுக்கிக் கொடுத்தார்.

"வாத்தியார் மாதிரி இருக்கடா மாப்ள."

"அப்போ அந்த வேலை வாங்கிக் கொடுத்திருக்கலாம்ல?"

வலி போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவனே சொன்னான்: "அக்கா, இந்த வலிக்கும் வார லீவு இருக்கு தெரியுமா? ஞாயித்துக்கிழமை வராது. திங்கக்கிழமை டாண்ணு டூட்டிக்கு வந்துடும். என்னைவிட ஒழுங்கு."

அக்கா சிரித்தாள். திருப்புளியின் கை தட்டிலேயே நின்றது. காற்று உள்ளே போகிற வழியில் புகை வெளியேயும் வரும். அதற்கு நேர்மேலே சீட்டு. தெரியாத விஷயமில்லை. ஆனால் இத்தனை நாளும் மீட்டரையே நினைத்துக்கொண்டிருந்தவர், சீட்டை நினைக்கவில்லை.

மறுநாள் முதல் வேலையாக க்ளாம்ப்பை இறுக்கினார். அந்த வாரக் கடைசியில் பேச்சுவாக்கில் விசாரித்தார்.

"பாதி குறைஞ்சிருக்கு மாமா."

மீதிப் பாதி இறக்கிய ஷட்டர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எந்தக் க்ளாம்ப்பும் கிடையாது.

அடுத்த வாரம் அதிகாரியம்மா மீட்டர் பெட்டியோடு வந்து இறங்கினார். மூன்றாம் நம்பரில் ஆரம்பித்தார். ஏழு கடைசியில் நின்றது. மச்சினன் வந்து முழங்கையால் இடித்தான்.

"மாமா, ஏதாவது பண்ணுங்க. நேரம் இருக்கு."

இருந்தது. இரண்டு திருகல் போதும். திருப்புளி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. சும்மா நில்லு."

அதிகாரியம்மா மீட்டரைக் குழாயில் செருகினார். எண் ஏறிக்கொண்டே போனது. "போன தடவை நல்லா இருந்துச்சே?" என்றார். அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, பளபளவென்று புதிதாக இறுக்கியிருந்த க்ளாம்ப்பைப் பார்த்தார். பிறகு திருப்புளியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்.

ஏழாம் நம்பர் காயலான் கடைக்குப் போனது. மச்சினனைக் கைத்தள்ளு ட்ராலிக்கு மாற்றினார்கள். ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போதெல்லாம், மற்றவர்கள் காதில் விழும்படி, "என்ன மாமா, திருப்புளி துருப்பிடிச்சிடுச்சா?" என்பான். ஆட்கள் சிரிப்பார்கள். இவரும் கொஞ்சம் சிரித்து வைப்பார். வீட்டில் அவன் அக்காவிடம் மட்டும் பேசினான்.

மாதம் முடிவதற்குள் ஒருநாள் சாப்பிடும்போது, மூக்கில் இறங்கிய கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு சொன்னான்: "அக்கா, கண்ணாடி செட்டாயிடுச்சு. இப்போ தலைவலியே இல்ல."

"பாத்தியா? நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் அவள்.

"நல்ல ஃபிரேம் அது," என்றார் திருப்புளி. சோற்றைப் பிசைந்தார்.