இந்த மாரிக்கு நட்ட கத்தரி

புரட்டாதியில் கச்சான் காற்று ஓய்ந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் வீட்டு வளவைக் கொத்தத் தொடங்கிவிடுவார்கள். மன்னார்த் தீவில் வருடத்தில் நாலைந்து மாதம்தான் மண் மனிதரை மதிக்கும். மிச்ச மாதங்களில் உப்பும் வெயிலும்தான் விளைச்சல். இந்தமுறை நானும் கொத்தினேன். கொத்தாவிட்டால் அயலில் நாலுபேர் "என்ன, சுகமில்லையோ" என்று கேட்டு வருவார்களே என்ற எரிச்சலில் கொத்தினேன்.

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களிடம் "தோட்டம்" என்று தயங்காமல் சொன்னேன். பதினொரு வருடம் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வெண்டியில் புழு என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கத்தரி பூத்தால் பூசைக்குப் போகிற வழியில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். கொழும்பிலிருந்து பிள்ளைகள் தொலைபேசி எடுத்துச் சுகம் கேட்டால் மிளகாய்க் கன்றின் சுகத்தைச் சொல்லிவிட்டுத்தான் என் சுகத்துக்கு வருவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பக்கத்து வளவு முஸ்லிம் அக்கா; ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இடம்பெயர்ந்து இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டுத் தன் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தவர். இரண்டு வளவுக்கும் நடுவே பனையோலை வேலி. வேலி முடிகிற இடத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. விடிந்ததும் வேலிக்கு மேலால் ராத்தாவின் தலை தெரியும்.

"என்ன புள்ள, உன்ட கத்தரி இன்னும் நித்திரையால எழும்பேல்லையோ?"

"உங்கட பயித்தங்கொடி வேலி தாண்டி வந்திட்டுது ராத்தா. காய்ச்சா எனக்குத்தான்."

"வந்த கொடிக்கு நீ தண்ணி ஊத்தினனியோ? ஊத்தாட்டி காய் எனக்கு."

இப்படித்தான் எங்கள் காலை தொடங்கும். இரண்டுபேருக்கும் வாய் சும்மா இருக்காது.

எங்கள் கிணறு ஆவணியிலேயே உவர்த்துப் போகும். முதல் மழை பெய்ததும் மழைத்தண்ணீர் மேலே நிற்கும், உவர்த்தண்ணீர் அடியில் கிடக்கும். ஆகவே மழை நன்றாக ஊறும்வரை யாரும் மோட்டர் போடமாட்டார்கள். மோட்டரின் குழாய் அடியில் கிடப்பதையல்லவா உறிஞ்சும். வாளியை மெல்ல இறக்கி, கலக்காமல், மேல்தண்ணீரை மட்டும் அள்ளவேண்டும். ராத்தா ஒரு மிடறு வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு "அள்ளலாம்" என்பார். பிறகு ஒருவர் அள்ள, மற்றவர் கொண்டுபோய் ஊற்றுவார். நாற்பது வாளிக்குள் ஊர்க்கதை முழுவதும் முடிந்துவிடும்.

இந்த ஆடியில் ராத்தா முழங்கால் வைத்தியத்துக்காகப் புத்தளத்தில் இருக்கும் மகளிடம் போனார். முச்சக்கர வண்டியில் ஏறி இருந்துகொண்டு, "மழைக்கு வந்திருவன். என்ட பக்கத்தையும் பாத்துக்கொள். கழுத பூந்திரும்" என்றார். மாரி தொடங்கினால் வருவாரா, மாட்டாரா? புரட்டாதி முழுக்க என் மனதில் ஓடியது அது ஒன்றுதான். கொத்தினாலும் எரு போட்டாலும் காது ஒழுங்கையில் வரும் வண்டிச் சத்தத்தில்தான்.

ஐப்பசியில் முதல் மழை இரண்டு நாள் பெய்தது. ராத்தா வரவில்லை. நான் முப்பது கத்தரிக் கன்று நட்டேன். அடுத்து மூன்று நாள் வெயில் எறித்தது. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நாலு வாளி அள்ளி, நானே சுமந்து ஊற்றினேன். ஐந்தாவது வாளியை இறக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. வாளியைப் போட்டுவிட்டுப் போய் மோட்டரைப் போட்டேன்.

இங்கே ஆறு வயதுப் பிள்ளையும் செய்யாத வேலை அது. தெரிந்தே செய்தேன். மூன்றாம் நாள் இலை ஓரங்கள் தீய்ந்து சுருண்டன. ஒரு கிழமைக்குள் முப்பதில் ஏழு மிஞ்சியது.

கன்றுகள் பட்டதைவிட, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு கவலையும் வராததுதான் பயமாக இருந்தது. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். புழுவுக்காகப் பட்டினி கிடந்த மனுசி எங்கே போனாள்? அவளை நினைத்து எனக்கு ஏக்கமாக இருந்தது. அந்த ஆசை திரும்பி வந்தால் போதும், காய் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அன்று பின்னேரம் ராத்தா தொலைபேசி எடுத்தார்.

"தோட்டம் எப்பிடிப் புள்ள?"

"நல்லா நிக்குது ராத்தா."

"தண்ணி?"

"வாளியாலதான் அள்ளுறன்."

இரண்டு பொய்யையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"தனியவா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று சொல்லவே கஷ்டமாக இருந்தது.

"அந்த வேலியப் பிரிச்சிட்டு என்ட பக்கத்தையும் சேத்துக் கொத்து. நல்ல மண் சும்மா கிடக்குது" என்றார்.

நல்ல மண்தான். அவர் ஆட்டுக்கொட்டில் இருந்த இடம், எரு உக்கிக் கறுத்துப் போயிருக்கும். ஒரு பாத்தி தாருங்கோ என்று எத்தனையோ தரம் பகிடியாகவும் பகிடி இல்லாமலும் கேட்டிருக்கிறேன். "நான் மௌத்தான பிறகு கேள்" என்று தன் சாவைச் சொல்லித் துரத்துவார். இப்போது கேட்காமலே முழுவதையும் தருகிறார். ஏன் தருகிறார் என்று விளங்கிய உடனே, சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டுவிட்டேன்.

"மழைக்கு வாறன் எண்டு சொன்னனீங்கள்தானே ராத்தா?"

"இங்கயும் நல்ல மழை, தங்கச்சி" என்றார்.

வேலியை நான் பிரிக்கவில்லை. ஓலை உக்கிப்போயிற்றே, தட்டிவிட்டால் பெரிய தோட்டமாகுமே என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறேன். நேற்று ஒரு கட்டுப் பனையோலை வாங்கி வந்து, அவர் வளவுக்குள் போய் நின்று, பொத்தல்களை எல்லாம் அடைத்துக் கட்டினேன். அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன்.